தலையில் மாட்டிப் பார்க்காத கூடை

கொஸ்லந்தைக்கு எல்லாரையும்போல அருவி பார்க்கப் போகவில்லை, சண்டைக்குப் போனேன். அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் தங்கை செல்வி, தோட்டம் கொடுத்த புதுப் பிளாஸ்டிக் கூடையை வேண்டுமென்றே கிழித்தாளாம். பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் வேலையாம். நானோ கொழும்பில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்துவிட்டு, இப்போது பதுளை பஜாரில் பிளாஸ்டிக் கடை வைத்திருப்பவள். சும்மா இருப்பேனா?

போன வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு பதுளையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறினேன். கொஸ்லந்தையிலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய். விஷயம் கேட்ட ஓட்டோக்காரர், "தொரமாரோட மோத முடியுமாங்க?" என்றார். தோட்டத்து அதிகாரிகளோடு மோத முடியுமா என்று பார்க்கத்தான் போகிறேன் என்றேன்.

செல்வி குடியிருக்கும் லயத்தில், கிழிந்த கூடையைக் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே பாண் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. எடை குறையட்டும் என்று பிளாஸ்டிக்கை நுரைக்கவைத்து வார்த்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. சுவர் தடிப்பாவதால் அதே எடைக்குச் சுலபத்தில் வளையாது. ஆனால் இழுத்தால் தாங்குவதற்கு உள்ளே சரக்கு குறைவு. குலுக்கிக் குலுக்கி இழுத்தால் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு விரிசல் ஓடிவிடும். நம் பெண்கள் கூடையைக் கயிறு கட்டித் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிறவர்கள். மொத்தப் பாரமும் விளிம்பிலுள்ள இரண்டு கயிற்றுத் துளைகளில்தான் தொங்குகிறது.

மறுநாள் பெரட்டில் வெளிக்கள அதிகாரியிடம் இதைச் சொன்னேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தானே ஏறி நின்று சோதித்ததாகப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையில் மாட்டும் கூடையைத் தரையில் கவிழ்த்தா சோதிப்பது?

செல்வி முன்னால் வந்தாள். புதுக் கூடை ஒன்றை மரக்கிளையில் தொங்கவிட்டு, நிறைகூடைக் கொழுந்தின் எடைக்குக் கல் போட்டாள். மலையிறங்கும்போது குலுங்குகிற மாதிரி கயிற்றை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் துளை வாய் பிளந்து கல் கொட்டியது. பக்கத்தில் அதே பாரம் போட்டு ஆட்டிய பழைய கெட்டிக் கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, மன்னிப்பு வேண்டாம், வேலைக்குப் போ என்றார்.

"வேலைக்குப் போறேங்க. ஆனா மன்னிப்பு வேணும். இப்ப நீங்க கேக்கணும்," என்றாள் செல்வி.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் சில்லறையும் குளிருக்குச் சட்டையும் கொண்டுவாருங்கள், சாயங்காலம் பஸ் குறைவு. கூடை வாங்குகிறவர்கள் சுவரின் தடிப்பைத் தொட்டுப் பார்த்து ஏமாறாமல், பாரம் போட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

அதிகாரி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. செல்வி தினமும் பெரட்டில், எல்லார் முன்னாலும், "எப்பங்க மன்னிப்புக் கேக்கப் போறீங்க?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறாள்.