பொறுமை கேட்டு எழுதிய வேண்டுதல் சீட்டு

மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதிக் கொடுக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். இன்னும் பயம் இருக்கிறது.

கடற்கரையில் ஒரு ஊர். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ஓய்ந்தவர். திருவிழா சப்பரத்துக்கு முன்னால் சிலுவை பிடித்துப் போவார். ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் எனக்கு நாற்பது வருஷமாக அடி. குழம்பில் உப்பு கூடினால் அடி, மீன் வாங்கப் போய்த் தாமதமானால் அடி. என் ஆதார் அட்டையும் அவர் பெட்டிக்குள். மகள் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். இதெல்லாம் என் தப்பால் வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கழுத்தைப் பிடித்து நெரித்தார். கண் இருட்டிவிட்டது. மறுநாள் கோயிலில் பூசை முடிந்ததும் மடத்து சிஸ்டரிடம் பேனா வாங்கி ஒரு சீட்டு எழுதினேன். “அந்தோனியாரே, அவர் என் கழுத்தை நெரிக்காதபடி நடந்துகொள்ள எனக்குப் பொறுமையைத் தாரும்.” பெயர் எழுதாமல் வேண்டுதல் பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் எல்லாச் சீட்டையும் சத்தமாக வாசிப்பார்கள். அவர் முதல் வரிசையில் இருப்பார். கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசித்தார். மகனுக்கு வேலை. பேத்திக்குக் காய்ச்சல். ஒவ்வொரு சீட்டுக்கும் சேலை முந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். என் சீட்டு வரவில்லை. முடிந்து வெளியே வந்தால், சிஸ்டர் நேராக அவரிடம் போகிறார். சீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று தூணோரம் ஒதுங்கினேன்.

“ஐயா, பீடத் துணி தொவைக்க ஆள் இல்ல. திங்கக்கெழம தோறும் அம்மாவ அனுப்புறீங்களா?”

“கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். வீட்டுல சும்மாதான கெடக்கு.”

திங்கட்கிழமை கன்னியர் மடத்துக் குழாயடியில் சிஸ்டர், வாசிக்கக் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்த என் சீட்டை எடுத்து நீட்டினார்.

“பேனா வாங்குனப்பவே ஒங்க கழுத்தப் பாத்தேன்மா. நீங்க செஞ்ச தப்பு என்னன்னு இதுல எழுதலையே?”

யோசித்துப் பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை. அங்கனயே அழுதுவிட்டேன்.

மகளிர் உதவி எண்ணுக்கு மடத்துப் போனில் இருந்தே பேசினோம். மறு திங்கட்கிழமை அரசாங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி அம்மா மடத்துக்கே வந்தார். அடுத்த திங்கட்கிழமை மடத்தில் இருந்தே கிளம்பிவிடுவது என்று பேசி வைத்தோம். “கழுத்துல கை வச்சவன் கையில உசுரு போயிரும் பாட்டி. போறேன்னு அவருகிட்டச் சொல்லிறாதீங்க. கோவத்துலகூட வாய் விட்றாதீங்க” என்றார்.

அந்த வாரம் முழுவதும் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவர் குளிக்கும்போது பெட்டியைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்தேன். தேய்க்கக் கொண்டுவந்திருந்த பீடத் துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். திங்கட்கிழமை காலை வாசலில் நின்று, “சீக்கிரம் வா” என்றார். “வாரேன்” என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் என் உடம்பில் இருந்த தழும்புகளை எழுதிக்கொண்டார்கள். சில நாள் ஒரு விடுதியில் இருந்தேன். இப்போது மகளோடு இருக்கிறேன். அவர் கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. ஆனாலும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் கை கழுத்துக்குப் போகிறது. மகளிடம் மட்டும், ஸ்பீக்கர் போடச் சொல்ல ஆளில்லாமல், நேருக்கு நேர் எவ்வளவு நேரமும் பேசுகிறேன்.

நான் பொறுமை கேட்டேன். ஆண்டவர் வழியைத் திறந்தார். என்னைப்போல் அடிக்குப் பயந்து பொறுமை கேட்டு ஜெபிக்கிற தாய்மாரே, நம்பிக்கையான ஒருத்தரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டுப் போனில் பேச வேண்டாம். சீட்டிலும் எழுத வேண்டாம். எல்லாரும் சிஸ்டர் மாதிரி எடுத்து ஒளித்து வைக்க மாட்டார்கள்.

மகள் இருக்கும் இந்த ஊர்க் கோயிலிலும் செவ்வாய்க்கிழமை நவநாள் உண்டு. இப்போதும் சீட்டு எழுதுகிறேன். “இன்னும் ஒருத்தி உயிரோடு வெளியே வரவேண்டும்.” அது வாசிக்கப்படும்போது முந்தியை முறுக்குவதில்லை. ஆமென் சொல்கிறேன்.