கமாண்டர் தரையிறங்கிய வீடு

அந்த விண்வெளிக் கப்பலின் கதவு திறக்கும்போதெல்லாம் தகரச் சத்தம் வரும். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில்தான் எங்கள் தொலைக்காட்சித் தொடருக்காக அந்தக் கப்பலைக் கட்டியிருந்தார்கள். உள்ளே நீல வெளிச்சமும் புகையும். வெளியே பெங்களூர் லாரிகள். ஒரு நாள் காலை, கமாண்டராக நடித்தவர் ஒப்பனைகூடப் போடாமல், ரப்பர் செருப்போடு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இயக்குநர் முன்னால் நின்று, "சார், என்னைக் கீழ எறக்கி வுட்டுடுங்க" என்றார். வேடிக்கை என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நான் உடைப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். கமாண்டரின் உடுப்பை மாட்டிவிடுவதும் கழற்றுவதும் என் வேலை. முதுகில் நீளமான ஜிப், கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், அதில் பொருந்தி உட்காரும் தலைக்கவசம். மூச்சு பட்டு முகக் கண்ணாடி மங்கிவிடாமலிருக்க உள்ளே சின்னதாக ஒரு விசிறி ஓடும். அவரை நான் கமாண்டர் அண்ணன் என்றே கூப்பிட்டேன். பட்டாபிராம்காரர். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே நாடக மேடைகளில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துவந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில்தான் முதன்முதலாகக் கதாநாயகன். தொடர் வரத் தொடங்கிய பிறகு பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். அப்படிப்பட்டவர்தான், இத்தனை சீக்கிரம் விலகிக்கொள்கிறேன் என்று வந்து நின்றார்.

காரணம் அவருடைய அம்மா. பட்டாபிராம் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். அம்மாவுக்கு நினைவு தவறத் தொடங்கியிருந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு தெருவை மறந்தார். ஆனால் மாலையானால் தொடரை மட்டும் மறக்கமாட்டார். மகன் கப்பலேறி மேலே போய்விட்டான் என்று நம்பத் தொடங்கினார். விசாரித்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள மேல போயிட்டான்" என்று சொன்னார். அதைக் கேட்டு, தெரியாதவர்கள் சிலர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் முடிவெடுத்தார்.

வெளியேறும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கப்பல் இறங்குவதுபோல, கமாண்டர் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல ஒரு காட்சி. "எங்கம்மா அத்த ஒருவாட்டி பாத்துட்டா போதும் சார், நான் வந்துட்டேன்னு நம்பிக்கும்." இயக்குநர் திருச்சிக்காரர், நல்ல மனிதர்தான். தலை குனிந்தபடி சொன்னார்: "கப்பல் திரும்பி வராதுங்கறதுதானே கதையே. அத எப்படி நான் இறக்குவேன்?"

அண்ணன் போய்விட்டார். கமாண்டர் போகவில்லை. அதே உயரத்தில் ஒருவரைப் பிடித்து, அதே உடுப்பை மாட்டி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நடிக்கவைத்தார்கள். கப்பலில் காற்று கெட்டுவிட்டது, இனி யாரும் கவசத்தைக் கழற்றக் கூடாது என்று கதையில் ஒரு வரி சேர்த்தார்கள். குரலைக் கணினி செய்துகொடுத்தது. அண்ணன் பேசிவைத்திருந்த வசனங்களிலிருந்து, அவர் பேசாத வசனங்களை அது பேசியது. ஒப்பந்தத்தில் குரலும் சேர்த்திதான் என்றார்கள். படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வரும், அதற்கேற்ப புதியவர் கையை அசைப்பார். எங்கே மூச்சு வாங்கவேண்டும், எங்கே லேசாகக் கனைக்கவேண்டும் என்றுகூட அதற்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டு வேளையிலும் புதியவர் கவசத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார். "கமாண்டர்" என்று கூப்பிட்டால் முழு உடம்பையும் மெல்லத் திருப்பிப் பார்ப்பார். அண்ணனும் அப்படித்தான் திரும்புவார். அதைப் புதியவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து, அண்ணன் விட்டுப்போன சில துணிமணிகளைக் கொடுப்பதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் சோற்றுத் தட்டோடு. திரையில் கமாண்டர் பூமிக்குச் செய்தி அனுப்புகிறார். கண்ணாடிக்குள் இருட்டு. அண்ணனுடைய குரல் கேட்கிறது: "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

அண்ணன் தன் வாழ்நாளில் ஒலிப்பதிவுக்கூடத்தில் சொல்லாத வரி அது. அவர் கை தட்டோடு அப்படியே நின்றுவிட்டது. அம்மா மட்டும் திரையைப் பார்த்துப் பதில் சொன்னார்: "இன்னும் இல்ல நைனா. இந்த ஆளு ஊட்டிகினு கீறாரு. நீ சாப்டு."

வாசல்வரை என்னோடு வந்த அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எம் மூஞ்சியே மறந்துடுச்சு அம்மாவுக்கு. அந்தக் கண்ணாடிதான் புள்ளைன்னு நெனச்சிகினு கீது. நான் பக்கத்துல குந்திகினு கீறேன், என்னைப் பாத்து, எம் புள்ள எப்ப வருவான்னு கேக்குது." பிறகு, "பழைய கமாண்டர் டிரெஸ்ஸு ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

முதலில் தைத்த உடுப்பு ஒன்று கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. மேலாளரிடம் சொன்னேன், எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்து அண்ணனுக்கு அதை மாட்டிவிட்டேன். வெயில் கொளுத்தியது. எதிரே ஒருவர் தண்ணீர் கேனை இறக்கிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். வெள்ளை உடுப்போடு கமாண்டர் தெருவில் நடந்து, குனிந்து, அந்தச் சின்ன வாசலுக்குள் நுழைந்தார்.

அம்மா எழுந்திருக்க முயன்றார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "வந்துட்டியா" என்றார். அழுதார். அண்ணனும் உள்ளே அழுதிருக்கவேண்டும், விசிறி ஓடியும் கண்ணாடி மங்கியது. தாங்கமுடியாமல் அவர் கவசத்தைக் கழற்றினார்.

அம்மாவின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு முட்ட நின்றார். "எம் புள்ள சட்டைய ஏன் போட்டுகினு கீற? அவன இன்னா பண்ண?" அந்தப் பயம் நடிப்பில் வராது. அண்ணன் கவசத்தை மறுபடி தலையில் வைத்து, வளையத்தைத் தானே பூட்டிக்கொண்டார். சுவரிலிருந்து அம்மா மெல்ல விலகி வந்தார்.

அதன்பிறகு பட்டாபிராமில் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. காலையில் அண்ணன் வெறும் முகத்தோடு குளிப்பாட்டுவார், ஊட்டுவார், மருந்து கொடுப்பார். அப்போது அவர் யாரோ ஒருவர். மாலையில் கொஞ்சநேரம் கவசத்தோடு வந்து உட்காருவார். அப்போது மகன். திரையிலும் அதே உருவம் பேசிக்கொண்டிருக்கும். இரண்டு பேரையும் பார்த்து அம்மா குழம்பியதே இல்லை. குழம்பியது நான்தான். அண்ணனின் பேச்சுநடை மெல்லமெல்ல அந்தக் கணினிக் குரலைப்போல் ஆகிக்கொண்டிருந்தது. அவருடைய பட்டாபிராம் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஒரு நாள் அதை அவரிடமே சொன்னேன். "தெரியும். அப்படிப் பேசினாதான் அம்மா திரும்பிப் பாக்குறாங்க" என்றார்.

தொடர் இப்போது முடிந்துவிட்டது. கிடங்கில் குளிர்சாதனப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அம்மா போன மழைக்காலத்தில் இறந்தார். அண்ணன் மறுபடி அம்பத்தூர் பட்டறைக்குப் போகிறார், நடிக்கக் கூப்பிட்டாலும் வருவதில்லை. நான் வேறு தொடர்களுக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் யாருக்காவது கவசமோ முகமூடியோ பொருத்தும்போது, அம்மாவைக் கடைசியாகப் பார்த்த மாலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்கு அம்மா மிகவும் தளர்ந்திருந்தார். கவசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைக் கிட்டே வரச்சொல்லி, அறையில் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க ஒருத்தன் கீறான் நைனா. உனக்குத் தெரியாது. காலைல வருவான். என்னிய கொழந்த மாதிரி பாத்துக்குறான். ஒருநாள் அவனப் போய் கண்டபடி திட்டிட்டேன். அவனுக்கு யாரும் இல்ல போல கீது. நீ போசொல்ல அவனையும் கூட இட்டுகினு போ."

"சரிம்மா" என்றது கண்ணாடிக்குள்ளிருந்து குரல்.

"பேர கூட கேக்கல பாரு நான். உனக்குத் தெரிமா, அவன் பேரு இன்னா?"

கவசத்துக்குள் விசிறி சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அண்ணன் தன் பெயரைச் சொன்னார். கமாண்டரின் பெயரை அல்ல, அம்மா அவருக்கு வைத்த பெயரை, அவருடைய பழைய பேச்சில்.

அம்மா அதை வாய்க்குள் இரண்டுமுறை சொல்லிப்பார்த்தார்.

"உம் பேருதான் அவனுக்கும்" என்றார் ஆச்சரியத்தோடு. "அவங்கம்மாவும் ஆசையா வெச்சிருப்பா."