வெல்டா கிம்ப்டன் ஆற்றில் போன ஆறு நாட்கள்

வெல்டா கிம்ப்டனுக்கு அறுபத்தொரு வயதாகும் வரை எங்கள் பள்ளத்தாக்கின் உட்புறம் எப்படி இருக்கும் என்று தெரியாது. அதன் வெளிப்புறம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலேயே வேறு யாருக்கும் தெரியாது.

அவர் வேலை அப்படி. மீன் பிடிக்க வருகிறவர்கள் மலைக்கு மேலே காரை நிறுத்திவிட்டு எங்கள் ரப்பர் படகுகளில் ஏறுவார்கள். ஆறாம் நாள், ஆற்றோடு நூறு மைல் கீழே போய்க் கரையேறுவார்கள். இடையில் சாலை கிடையாது, போன் கிடையாது, பாறைச் சுவரும் காடும்தான். ஆனால் கரையேறும் இடத்தில் அவரவர் கார் நிற்க வேண்டுமே? அந்தக் கார்களையும் மற்ற படகுக் கம்பெனிகளின் வண்டிகளையும் கணவாய் வழியாக ஏற்றி இறக்கி, இரண்டு சமவெளிகளைச் சுற்றி, ஐந்தரை மணி நேரம் ஓட்டிக் கீழே கொண்டு சேர்ப்பவர்களுக்குத் தலைவி வெல்டா. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஒரு நாள் ஓய்வு கிடையாது. செப்டம்பர் முடிந்தால் பள்ளத்தாக்கும் பனியில் மூடிவிடும். இப்படியே இருபத்தேழு வருடம்.

காரைக் கொண்டுபோய் நிறுத்தியதோடு அவர் விடமாட்டார். வாளியில் தண்ணீரும் வினிகரும் கலந்து ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியையும் துடைப்பார். யாரும் கேட்டதில்லை. ஏன் இந்த வேலை என்று ஒருமுறை நான் கேட்டதற்கு, "ஆறு நாள் ஆத்தைப் பாத்துட்டு வர்றவங்க அழுக்குக் கண்ணாடி வழியாவா வீட்டுக்குப் போவாங்க?" என்றார்.

நான் மார்னி. அந்தக் கோடை, துடுப்புப் போடும் வழிகாட்டியாக எனக்கு ஒன்பதாவது கோடை. ஆகஸ்டு முதல் வாரப் பயணத்துக்கு என் படகில் இரண்டு பேர் வருவதாக இருந்தது: பாய்சி நகரத்துப் பல் மருத்துவர் கெர்மிட் ஸ்டால், அவருடைய மைத்துனர். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மைத்துனருக்குச் சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

எங்கள் முதலாளி ஆர்லோ பிக்கெட் நேராக வண்டிக் கொட்டகைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வெல்டா ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வெல்டா, ஒரு இடம் காலியா இருக்கு. நீ போயிட்டு வா."

"வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"நீயா? மழையே இல்லாத ரோட்டுல வண்டியப் பள்ளத்துல எறக்குனவன் நீ."

"அது தொண்ணூத்தெட்டுல நடந்தது!"

"பள்ளம் இன்னும் அங்கதான் இருக்கு."

ஆர்லோ தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார். "இருபத்தேழு வருஷமா ஒரு தடவைகூடப் போனதில்ல நீ. எனக்கே வெக்கமா இருக்கு. தர்மத்துக்குக் கூப்பிடல. இடம் சும்மா போகுது, அவ்வளவுதான்."

வெல்டா டயரின் காற்றுமூடியைத் திருகி மூடினார். பிறகு என்னைக் கேட்டார்: "என்ன எடுத்துக்கணும்?"

"மழைக்கோட்டு, தொப்பி, ரெண்டு ஜோடிக் காலுறை. மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"ஊர்க் குளத்துல புழு மாட்டிப் பிடிச்சிருக்கேன்."

"இங்க புழு கூடாது. மயிரையும் எறகையும் வெச்சுக் கட்டுன பொய்ப் பூச்சிதான். பிடிச்ச மீனையும் திருப்பி விட்டுடணும்."

"அப்ப எதுக்குடி பிடிக்கிறீங்க?"

அன்று மாலையே அவர் ஆர்லோவிடம் இரண்டு பக்கத்துக்கு ஒரு தாளை எழுதிக் கொடுத்தார். எந்த வண்டி இடது பக்கம் இழுக்கும், எதில் மூன்றாவது கியர் நழுவும் என்று எல்லாம் அதில் இருந்தது.

நான்கு படகு, எட்டு விருந்தினர். டாக்டர் ஸ்டால் வழக்கம்போல என் படகின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். மீன் பிடிக்க வசதியான இடம் அதுதான். வெல்டாவைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

"சாலிஸ்."

"பாத்த முகமா இருக்கே."

"பன்னெண்டு வருஷமா உங்க காரை நான்தான் ஓட்டுறேன் டாக்டர். சீட்டுக்கடியில சூரியகாந்தி விதைத் தோல அள்ளி அள்ளி என் முதுகு போச்சு."

பக்கத்துப் படகில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டருக்குக் காது சிவந்தது.

முதல் வளைவைத் தாண்டியதும் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்து நின்றன. தண்ணீர் அடிக்கல் தெரியும் பச்சை. ஆற்றோரம் ஒரு நீர்நாய் மல்லாந்து படுத்துக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். வெல்டா தூண்டில் கம்பை மடியில் வைத்தபடி வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் ரோடு போகுது மார்னி," என்றார் கடைசியில். "அங்க ஒரு வளைவுல எப்பவும் நிறுத்தி காபி குடிப்பேன். இத்தனை வருஷமா இது இவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு."

ஆனால் மீன்? எட்டுப் பேரும் சேர்ந்து முதல் இரண்டு நாளில் பிடித்தது பதினொன்று, அதுவும் விரல் நீளக் குஞ்சுகள். ஆகஸ்டில் கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி விழும், டிரவுட் மீன் அதற்குத்தான் காத்திருக்கும் என்பது எங்கள் பாடம். வெட்டுக்கிளி மாதிரிக் கட்டிய பொய்ப் பூச்சியைப் போட்டோம். மீன்கள் மேலே வந்து பார்த்துவிட்டு, கடைக்காரனிடம் விலை மட்டும் கேட்டுப் போகிறவர்கள் மாதிரித் திரும்பிப் போயின. டாக்டர் பெட்டியில் இருந்த அத்தனை பூச்சியையும் மாற்றிப் பார்த்தார். வெல்டா வீசிய நூல் மூன்று முறை என் தொப்பியில் மாட்டியது, ஒரு முறை டாக்டரின் காதில்.

"மீனப் பிடிங்க மேடம், என்னை இல்ல," என்றார் அவர்.

"கெடைக்கிறதத்தான பிடிக்க முடியும்?"

இரண்டாம் இரவுச் சாப்பாட்டின்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த ஆற்றுக்குத் தான் வருவது இதுதான் கடைசி என்றார். பன்னிரண்டு வருடம் வந்தவர் அவர். என் படகில், என் கையில் இது நடக்கிறது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நான் காபிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கூடாரங்களில் தூங்கினார்கள். நாலு மணிக்கே எழுந்து பழகிய வெல்டா மட்டும் கரையில் கட்டியிருந்த படகருகே குனிந்து நின்றார்.

"மார்னி, இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

படகின் ரப்பர் விளிம்பில் நகத்தளவுப் பழுப்பு அந்துப்பூச்சிகள் நாலைந்து ஒட்டியிருந்தன. ஒன்றை விரலால் தேய்த்தேன். வெண்ணெய்போல இழுபட்டுப் பொடி ஒட்டியது.

"மூணு வாரமா இந்தச் சனியனத்தான் கண்ணாடியில இருந்து வழிச்சுப் போடுறேன்," என்றார் வெல்டா. "மொத வாரம் கணவாய் உச்சியில மட்டும் இருந்துச்சு. அடுத்த வாரம் பாதி மலைக்கு எறங்குச்சு. போன வாரம் ஆத்துப் பாலத்துக்கே வந்துடுச்சு. இப்ப இங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். முகாமுக்கு மேலே ஊசியிலை மரங்கள் கறுப்பாக நின்றன. அந்தப் பூச்சி பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த மரங்களில் பெருகும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் வேலைக்கு வந்த பிறகு அது ஆற்றுக்கு இறங்கியதே இல்லை.

"அது தண்ணியில விழுமான்னு தெரியலையே," என்றேன். "விழுந்தா நேத்தே கண்ணுல பட்டிருக்குமே?"

"நேத்து நாம எத்தனை மணிக்குக் கெளம்புனோம்?"

"பத்தரை."

"அதான். மத்தியானம் கணவாயத் தாண்டுன வண்டியில ஒரு புள்ளி இருக்காது. காலையில எட்டுல இருந்து பத்துக்குள்ள தாண்டுனா வைப்பர் போட்டாலும் வழி தெரியாது. வெயில் மரத்துல பட்டதும் இது பறக்குது, கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. நீங்க அப்பம் சுட்டுச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிட்டுக் கெளம்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகுது."

ஒன்பது கோடை இந்த ஆற்றில் இருந்தவள் நான். அவருக்கு அது மூன்றாம் நாள். காபிக்கு மூட்டிய அடுப்பை அணைத்தேன்.

டாக்டரின் கூடாரத்தைத் தட்டியதும் உள்ளிருந்து, "அப்பம் ரெடியா?" என்று குரல் வந்தது.

"அப்பம் கெடையாது. கம்ப எடுத்துட்டு வாங்க."

"என்ன கிறுக்குத்தனம் இது!"

ஆனாலும் வந்தார், காலுறையில்லாமல் செருப்போடு. படகை அவிழ்த்து முகாமுக்குச் சற்றுக் கீழே, மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்திருந்த கரைக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டேன். என் பெட்டியில் அந்துப்பூச்சி மாதிரி எதுவும் இல்லை. காட்டுமான் மயிரில் கட்டிய வேறு இரண்டு பூச்சியை எடுத்து, கத்தரியால் வாலை வெட்டி, இறகைத் தட்டையாக்கி இருவர் நூலிலும் முடிந்தேன்.

எட்டேகாலுக்கு வெயில் மர உச்சியில் பட்டது. ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. டாக்டர் கொட்டாவி விட்டார். பிறகு மரம் புகைகிற மாதிரி இருந்தது. அந்துப்பூச்சிகள் நூறு நூறாகச் சுழன்று இறங்கித் தண்ணீரில் விழுந்து துடித்தன. நிழலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு எழும்பி ஒன்றை விழுங்கியது. இன்னொன்று. கரையோரம் முழுக்க மழை பெய்கிற மாதிரி வட்டம் வட்டமாய்.

"கடவுளே," என்றார் டாக்டர். அவசரத்தில் வீசினார். மீன் வந்தது, வெடுக்கென்று இழுத்தார், பூச்சி அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் அதே. மறுபடியும்.

வெல்டாவுக்குத் தூரமாக வீச வராது. ஆனால் மீன்கள் இருந்ததோ ஒரு கம்பு நீளத்தில்தான். பூச்சியை மரத்தடியில் போட்டார். பெரிய தலை ஒன்று மெதுவாக எழுந்து, வாயைத் திறந்து, மூடிக் கீழே போனது. வெல்டா அசையவில்லை. கத்த நினைத்தேன். அதற்குள் அவர் கம்பை நிதானமாகத் தூக்கினார். கம்பு வில்லாய் வளைந்தது.

"மார்னி! இது இழுக்குது! இது நெஜமாவே இழுக்குது!"

"விடுங்க, ஓடட்டும்! நூலப் பிடிக்காதீங்க!"

"பிடிக்கல! நீ ஏன் கத்துற?"

"நீங்கதான் கத்துறீங்க!"

வலையில் கிடந்தது பதினாறு அங்குல மீன். செம்பு நிற முதுகு, தாடைக்கடியில் குங்குமக் கோடு. கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பிடித்திருக்கச் சொன்னேன். அது ஒரு நிமிடம் அவர் விரல்களுக்கிடையே மூச்சு வாங்கியது. பிறகு போய்விட்டது. வெல்டாவின் கை தண்ணீரிலேயே இருந்தது.

"சரி," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதுக்குப் பிடிக்கிறீங்கன்னு புரிஞ்சுபோச்சு."

டாக்டர் முன்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்த்தார். "எனக்கு வர்றதெல்லாம் தப்பிக்குது. நீங்க என்ன பண்ணுறீங்க?"

"மலையிறக்கத்துல நீங்க பிரேக்க எப்படி மிதிப்பீங்கன்னு உங்க பிரேக் கட்டையப் பாத்தாலே தெரியும் டாக்டர். பயந்து ஒரே மிதி. அப்படிப் பண்ணாதீங்க. அது கீழ போற வரைக்கும் பொறுங்க, அப்புறமா மெல்லத் தூக்குங்க."

நான் துடுப்பின் மேல் கவிழ்ந்து சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த மீனுக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மாட்டியது. அவர் போட்ட கூச்சலில் முகாமே எழுந்து ஓடிவந்தது.

பத்து மணிக்குள் இரண்டு பேரும் இருபத்துமூன்று மீன் பிடித்து விட்டிருந்தார்கள். நாலாம் நாளிலிருந்து நான்கு படகும் விடியலிலேயே மரத்தடிகளில் நின்றன, காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குப் போனது. அந்த நாலாம் நாள் காலை புறப்படும்போது டாக்டர் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். "முன்னால நீங்க போங்க வெல்டா," என்றார். அவர் பெயரை டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஐந்தாம் நாள் வெல்டா பத்தொன்பது அங்குல மீன் பிடித்தார். அந்த வருடம் எங்கள் படகுகளில் யாரும் அதைவிடப் பெரியதைப் பிடிக்கவில்லை. அந்த மீன் எங்களைப் பாதி ஆறு இழுத்துக்கொண்டு போனது. கோழிக்கழுத்து என்று நாங்கள் சொல்லும், ஆறு பாறைகளுக்கிடையே சீறும் பாய்ச்சலின் வாய்க்கே கொண்டுவந்துவிட்டது. நான் துடுப்பைப் பின்னோக்கிப் போட்டதில் தோள் கழன்றுவிடும் என்று நினைத்தேன்.

"அறுத்து விட்டுருங்க வெல்டா! பாய்ச்சல் வந்துடுச்சு!"

"நீ ஒன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்குறேன்!"

டாக்டர் பாய்ந்து வலையை நீட்டினார். மீன் வலைக்குள் விழுந்ததும் நாங்களும் பாய்ச்சலுக்குள் விழுந்தோம். முதல் அலை வெல்டாவின் தலைக்கு மேலே போனது. இரண்டாவது அலை படகைச் செங்குத்தாகத் தூக்கியது. டாக்டர் ஒரு கையால் வலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, மறுகையால் வெல்டாவின் மிதவைச் சட்டையைப் பிடித்திருந்தார். கீழே அமைதித் தண்ணீருக்கு வந்தபோது மூவரும் நனைந்த கோழிகள். வெல்டா மீனை அளந்து விட்டுவிட்டு, எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, பாறைச் சுவர் எதிரொலிக்க ஒரு கூவல் கூவினார். பின்னால் வந்த மூன்று படகும் பதிலுக்குக் கூவின.

சேதி எங்களுக்கு முன்னால் ஆற்றோடு போய்விட்டது. வழியில் எங்களைக் கடந்துபோன வேறு கம்பெனிப் படகுகள் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டே போயிருந்தன. ஆறாம் நாள் மதியம் கரையேறும் துறையில், இத்தனை வருடம் முகம் பார்க்காமல் வெல்டாவிடம் சாவியை வீசிவிட்டுப் போகிற வேறு கம்பெனி வழிகாட்டிகள் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள்.

"வெல்டா, என்ன பூச்சி போட்டீங்க?" என்றான் ஒருவன், தாடிக்காரன்.

வெல்டா கரையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து ஆறிப்போன கோழித் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஈரத் தலைமுடி நாலா பக்கமும் நின்றது.

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ல," என்றார்.

அவர்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. எலும்பைச் சுத்தமாக்கினார், விரல்களைத் துடைத்தார், டாக்டர் ஸ்டால் ஓடிப்போய் எடுத்துவந்த பீச் பழப் பணியாரத்தை வாங்கிக்கொண்டார். அதையும் கடைசித் துணுக்கு வரை தின்று முடித்தார். மூன்று வழிகாட்டிகளும் வெயிலில் நின்றபடியே இருந்தார்கள்.

"சரி," என்றார் வெல்டா, பெட்டியில் நகர்ந்து இடம் விட்டு. "உக்காருங்க. சொல்றேன்."