ஆடு போட்ட பிளான்

நட்ட மூன்றாம் வாரமே மரக்கன்றுகள் எல்லாம் ஆடு கடித்து மொட்டைக் குச்சியாக நின்றன. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரப் புறம்போக்கில் புதுசாகக் காடு வளர்க்கும் வேலை. நான் பீல்டு சூப்பர்வைசர். பிளான் போட்டது, குழி மார்க் பண்ணியது, ஊர்க்கூட்டம் நடத்தியது எல்லாம் நான்தான்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "ஊர் சம்மதம்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தீரே, இதான் சம்மதமா? அடுத்த சாரல் சீசனுக்கும் இப்படி ஆச்சுன்னா சைட்ட மூடிருவேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆடு வளர்க்கும் பேச்சியம்மாளைத் தேடி ஓடைக்குப் போனேன். உச்சி வெயிலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரே சம்மதிச்சிருக்கு. ஒங்க ஆடு மட்டும் அழிக்குதே?" என்றேன்.

"எந்த ஊரு அண்ணாச்சி? பதினோரு மணிக்கு மீட்டிங் வச்சிய. அந்நேரம் ஆட்ட யார்ட்ட விட்டுட்டு வரணும், ஒங்க மேனேஜர்ட்டயா? ஓடைக்கு வார பாதை பூரா குழி. எங்க கெடா ஒண்ணு காலொடிஞ்சு கெடக்கு. மத்தது கன்னுக்கு மேல பறந்தா போகும்?"

நேராக ஆபீசுக்கு வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட ஒருவரிடமும் ஒரு ஆடுகூடக் கிடையாது. பஜ்ஜி, டீ கொடுத்தோம், வந்தார்கள், போட்டார்கள். அதை ஊர் என்று எழுதிய முட்டாள் நான்.

மேனேஜர் வேலி போடச் சொன்னார். "வேலி போட்டா ஆடு தண்ணிக்கு எங்கன சார் போகும்?" என்று மல்லுக்கு நின்றேன்.

மறுநாள், ஆடு ஓடைக்குப் போகும் பாதையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பேச்சியம்மாள் ஆட்டைப் பத்திக்கொண்டு முன்னால் போனார். நான் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே பின்னால் போனேன். அந்தக் கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் குழி மார்க் பண்ணினோம். தேக்கு வேண்டாம், நிழலுக்கு நாவலும் புங்கமும் வையுங்கள் என்று அவரும் மற்ற ஆட்டுக்காரர்களும் சொன்னார்கள். அதையே வைத்தோம்.

புது மேப்பைப் பார்த்த மேனேஜர், "என்னவே, கோடு கோணல்மாணலா கெடக்கு? யாரு போட்ட பிளான்?" என்றார்.

"ஆடு போட்டது சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சாரலில் நட்டோம். ஒருநாள் வெளியூர் மந்தை ஒன்று கன்றுகளுக்குள் இறங்கியது. நான் ஓடுவதற்குள் பேச்சியம்மாள் கம்போடு நின்றார். "ஏலே, பாதைல பத்துலே! இது நாங்க வச்ச காடு!"

இன்று அந்த நாவல்கள் என் தலைக்கு மேலே நிற்கின்றன. சைட் மூடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். முதலில் அந்த நிலத்துக்குப் போங்கள். உச்சி வெயிலில் அங்கே யார் நிற்கிறார்களோ, அவர்களிடம் கேளுங்கள்.