பெரட்டுக் களத்தில் பூச்சி மருந்து

பண்டாரவளையில் ரயில் எங்களை இறக்கிவிட்டபோது காலை ஆறு மணி. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. பதுளைக்குப் பதினெட்டு மைல். மாட்டு வண்டிக்கு மூன்று ரூபாய். மதுரைப் பக்கம் என்னோடு தாதி வேலை பழகும் ஞானம்மாளும் நானும், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்யக் கடல் தாண்டி வந்திருந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வழியெல்லாம் டிக்கெட், பெட்டிச் சாவி, குடை மூன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "அம்மாவுக்கு மேலுல எறும்பு ஊருதா?" என்று வண்டிக்காரர் கேட்டேவிட்டார்.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் இருந்தது அந்தத் தோட்டம். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தினமும் ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் கொக்கிப்புழு மருந்து கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வயிற்றில் எண்ணெயோ சாராயமோ இருந்தால் அந்த மருந்தே விஷம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒருவர் விழுந்தாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனம் அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்டாது.

நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஏதாவது சாப்பிட்டீர்களா என்றேன்; இல்லை என்றார்கள். குடித்தீர்களா என்றேன், அதற்கும் இல்லை. மனசு ஆறவில்லை. மறுபடி கேட்க வாயைத் திறந்ததும், ஆளெண்ணும் கங்காணி சிரித்தார்.

"ஏம்மா, பெரட்டுல நாங்க ஒரு தடவதான் பேர் கூப்புடுவோம்."

நான் விடவில்லை. முன்னால் நின்ற மூக்காயியிடம், "அக்கா, விடிஞ்சதுலேருந்து வாய் வழியா உள்ள போனது என்ன?" என்றேன்.

"சோறு தண்ணி ஒண்ணுமில்ல தாயி. விளக்கெண்ணெ மட்டுந்தான். பூச்சிக்கு மருந்துன்னா மொதல்ல வயித்தக் கழுவணுமில்ல?"

மருந்தைச் சாப்பாட்டில் சேர்ப்பார்களா யாரும்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னால் இன்னும் ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஆறு பேரையும் அடுத்த ஞாயிறுக்கு நிறுத்திவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் வரை லயம் லயமாக நடந்து பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அந்த ஆறு பேரோடு, கூப்பிடாமலே அறுபது பேர் வந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை கேட்டது கங்காணிதான்.

புறப்பட்ட அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே கொழுந்துக் கூடையோடு மூக்காயி வண்டியை மறித்தாள்.

"டிக்கெட்டு இருக்கா?"

இருந்தது.

"சாவி?"

அதுவும் இருந்தது.

"இன்னொரு தடவ பாருங்க தாயி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். குடை ஆஸ்பத்திரிக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.