சிப்புக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட பெண் நான்தான். என் விரல் பட்ட பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

எண்பதுகளின் கடைசி. நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்களோடு தங்கியிருந்தார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லாரிகளின் ஒயரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், கார் பட்டறையில் அவருக்கு ஒயரிங் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சம்பளமெல்லாம் ஒரு பழைய காருக்கே போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களில் ஒன்றின் முன்பாதியை வாங்கி, அந்த இன்ஜினைத் தன் காரில் ஏற்றியிருந்தார். இன்ஜினோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதுதான் கம்ப்யூட்டராம். திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. முன்சீட்டில் உட்காருகிறவரின் கால்மாட்டில் கிடந்தது. எங்கள் மாமாவிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பள்ளியில் பீற்றிக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

பஸ் கண்டக்டரான அப்பாவுக்கு மாமாவைக் கண்டால் இளக்காரம். ஓடுகிற வண்டியை நோண்டுகிறவன் உருப்படமாட்டான் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் அந்தச் சமயம் மாமா உருப்படுவதற்கு ஒரு வழி திறந்திருந்தது. தவுக்கே காம்பாரில் இன்னொரு பட்டறை போடவிருந்தார், கம்ப்யூட்டர் வைத்த கார்களுக்கென்றே. அதை என்னிடம் விடுங்கள் என்று மாமா கேட்டிருக்கிறார். தவுக்கேக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் அந்தக் கம்ப்யூட்டர் வேலையை உன் காரில் செய்து காட்டு, ஞாயிறு காலை காம்பார் வரை நானே உட்கார்ந்து வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்த தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் மாமாவுக்கு ஒரு சிப்பை அனுப்பிவைத்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எழுதிய புது புரோகிராம் அதற்குள் இருந்தது. மாமா சனிக்கிழமை முழுக்கக் குனிந்தபடியே பெட்டியைத் திறந்து, பழைய சிப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார். நான் கேட்டதற்கெல்லாம் பெரிய மனுஷியிடம் பேசுவது போல விளக்கம் சொன்னார்.

"பெட்ரோல் எவ்ளோ ஊத்தணும், பொறி எப்ப விடணும்னு இன்ஜினுக்கு இதுதான் சொல்லும். இதான் வண்டிக்கு மூள. பழைய மூள பயந்தாங்கொள்ளி லா. இது தைரியமா போகச் சொல்லும்."

அன்று மாலை என்னைப் பின்சீட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். கார் பாய்ந்த பாய்ச்சலில் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமா சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தவுக்கே உள்ளே பார்க்கக் கேட்பார் என்று பெட்டியின் மூடியை முடுக்காமல் சும்மா மேலே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அம்மா காருக்குப் பூசை போட்டார். பானட், ஸ்டீரிங், நான்கு டயர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அம்மா எதையும் விடுகிறவர் அல்ல. பின்னால் கிடந்த ஸ்பேர் டயருக்கும் பொட்டு வைத்தார். பிறகு தட்டை என்னிடம் கொடுத்து சாமி அறையில் வைக்கச் சொன்னார். மாமா குளித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்கிறது, மூளைக்கு மட்டும் இல்லை.

மூடியை எடுத்தேன். கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்களோடு அந்தச் சிப்பு படுத்திருந்தது. அதன் நெற்றியில் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், ஆனால் பொட்டில்லாத நெற்றிதானே அது. மோதிர விரலால் சந்தனத்தை அள்ளித் தாராளமாக வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். அம்மா சந்தனத்தைத் தண்ணீர் விட்டு நெகிழக் குழைத்திருந்தார். அது வழிந்து கால்களுக்கு நடுவே இறங்கியது. மாமா ஜெயிக்க வேண்டும் என்று மனமுருகக் கும்பிட்டு மூடியை வைத்தேன்.

தவுக்கே சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். மாமா சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு முறை உடம்பை உதறி, கறுப்பாகப் புகை விட்டு நின்றது. மறுபடி திருப்பினார். உள்ளே ஏதோ கருகும் வாடை வந்தது. வீட்டுக்குள் ஆணியில் தொங்கிய அப்பாவின் ரோத்தான் பிரம்புதான் என் கண்ணுக்குள் வந்தது.

தவுக்கே இறங்கிக்கொண்டார். மாமா கால்மாட்டில் குனிந்து மூடியைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கைக்குட்டையால் எதையோ துடைத்தார். சிப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழையதை மாட்டிப் பார்த்தார். வண்டி முனகக்கூட இல்லை. பெட்டியே கெட்டுப்போயிருந்தது.

தவுக்கேயிடம் மாமா மலாயில் பேசினார். சிப்பில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதைக் கொடு பார்க்கலாம் என்று தவுக்கே கை நீட்டியிருப்பார். நான்தான் தப்பாக மாட்டிவிட்டேன் என்றார் மாமா. அவ்வளவுதான். வீட்டு வாசலைத் தாண்டாத வண்டியை நம்பிக் கடை திறக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தவுக்கே போய்விட்டார்.

அப்பா வெளியே வரும் சத்தம் கேட்டது. மாமா நேராக என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு, என் மோதிர விரலை நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டார்.

"வா மா, சாப்பிடப் போலாம்," என்றார்.

சாப்பாட்டின்போது அப்பா விடவில்லை. "ஒழுங்கா படிக்காதவனுக்கு என்னாத்துக்கு கம்ப்யூட்டர்?" என்றார். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்பாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதை இன்று நினைத்தாலும் கூனிக் குறுகிப்போகிறேன்.

காம்பார் பட்டறை வேறொருவர் கைக்குப் போனது. அடுத்த மாதமே மாமா சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பினார். பேருந்து நிலையத்தில் அம்மா விசும்பிக்கொண்டிருந்தார். மாமா என் தலையைத் தடவி, நல்லாப் படி என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு வேலை தெரிந்தவர், போயும் போயும் ஒரு சந்தனப் பொட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் போய்விட்டாரே என்று.