கடவையில் தொங்கும் படிக்கல்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வெளியே, கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றை ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் திருத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் என் தம்பி சூசையும் போகிறான். இன்று என்னையும் கூட்டி வந்திருக்கிறான். ரயில் வரும்போது தெருவை மறிக்கும் கடவை மரம் இன்று சரியாக ஏறி இறங்கினால்தான் நாளை பழைய ரயிலை ஓட விடுவார்கள்.

மரம் இறங்குகிறது. ஏற மாட்டேன் என்கிறது.

"ஏன்டா ஏறுதில்லை?"

"வாறவை எல்லாரும் ஆசையிலை பெயின்ற் அடிச்சுப்போட்டினம் அக்கா. பாரம் கூடிப்போச்சு."

"நீயும் அடிச்சனியோ?"

"ஓம். ரெண்டு தரம்."

மரத்துக்கு அப்பால் மாட்டிக்கொண்ட மீன்காரர் எனக்குப் புரியாத இத்தாலியனில் கத்துகிறார்.

"என்னவாம்?"

"மீன் பழுதானா அதை நாங்கள்தான் தின்னோணுமாம்."

சூசை அவரிடம் கெஞ்சி, தராசின் ஐந்து கிலோப் படிக்கல்லை வாங்குகிறான். மரத்தின் அடிப்பக்கத்தில் தொங்கும் எதிர் எடையோடு அதைக் கம்பியால் கட்டுகிறான். மரம் மெல்ல எழும்புகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மீன்காரர் மட்டும் கல்லைத் திருப்பிக் கேட்கிறார். சூசை நாளை ரயில் வரும் திசையைக் காட்டுகிறான். அவர் முணுமுணுத்தபடி வண்டியை எடுக்கிறார்.

மறுநாள் ரயில் ஓடுகிறது. கடவையடியில் மீன்காரர் மத்தி மீனைக் கையில் தூக்கிப் பார்த்து, எடையை உத்தேசமாகச் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறார்.